உள்ளங்கையில் ஓர் இளைப்பாறல்

யந்திரம் ஒரு மணி நேரத்தில் செய்து முடிப்பதைக் கையினால் ஒரு மாதம் இருந்து செய்வானேன் என்று கேட்கின்றனர் சிலர். கணினியால் இயங்கும் பூத்தையல் யந்திரம் பல ஊசிகளைக் கொண்டு ஒரே நேரத்தில் பல துணிகளுக்குப் பூப்போட்டுத் தள்ளுகின்றது. கடைத்தெருவிலோ போர்வைகள் மலிந்து கிடக்கின்றன. இந்தக் காலத்தில் பழந்துணிகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பவர் ஒன்று வேலையற்றவராக இருக்க வேண்டும், அல்லது காலம் மாறியதை அறியாதவராக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழங்கும் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை மறுப்பதற்கே எழுத முற்பட்டோம். ஆயினும் ஊசியை இகழ்பவர்கள் மட்டுமே அதற்குப் பகைவர்கள் அல்லர். அதனைப் புகழ்பவர்களுள்ளும் இரு சாரார் இருக்கின்றனர். அவர்களால் விளையும் தீங்கு இகழ்பவர்களால் விளைவதினும் பெரிது. ஒரு சாரார், “பெண்பிள்ளைக்கு ஊசியும் நூலும் போதாதா?” என்று புகழ்ந்து கல்விக்கூடத்தின் கதவைச் சாத்துகின்றவர்கள். மற்றொரு சாரார், “வீட்டில் இருந்தபடியே ஓய்வு நேரத்தில் செய்கின்ற இனிய வேலைதானே!” என்று புகழ்ந்து கூலியைக் குறைக்கின்றவர்கள். ஆக, நாம் வழக்காட வேண்டியவர்கள் மூவர். இம்மூவரும் ஒருவரோடொருவர் உறவில்லாதவர்கள் போலத் தோன்றுவர். ஆனால் மூவரும் இடறி விழுகின்ற கல் ஒன்றே. ஓய்வு என்பது யாது என்று அவர்கள் சிந்தித்துப் பார்த்ததே இல்லை.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். ‘ஓய்வு’ என்னும் சொல் ஓய்தல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. மழை ஓய்ந்தது, அலை ஓய்ந்தது, ஆரவாரம் ஓய்ந்தது என்கின்றோம். எங்கும் நின்றுபோதல் என்பதே அதன் பொருள். ‘இளைப்பாறல்’ அத்தகையதன்று. புண் ஆறுவது போல, பால் ஆறுவது போல, சினம் ஆறுவது போல, இளைப்பு மெல்ல மெல்ல ஆறி அடங்குவதே இளைப்பாறல். வேலையை நிறுத்திய கணத்திலேயே ஓய்வு வந்துவிடும், இளைப்பாறல் வந்துவிடாது. அலுவலகத்திலிருந்து திரும்பி நாற்காலியில் சாய்ந்தவன் ஓய்ந்திருக்கின்றான் என்பது மெய். அவன் இளைப்பு ஆறிற்றா என்பது வேறு கேள்வி.

அரபு மொழியிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ‘ஃபராக்’ என்பது வெறுமை. வேலையின்றி ஒழிந்திருக்கும் நேரத்திற்கும் அதுவே பெயர். குழந்தை மூஸாவை ஆற்றிலே விட்டுவிட்டுத் தவித்த அன்னையின் உள்ளத்தைக் குறிக்கத் திருமறை ஆள்கின்ற சொல்லும் இந்த வேரிலிருந்து வந்ததே. வெறுமையாகிவிட்ட உள்ளம் அமைதியுற்ற உள்ளம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? இனி, இளைப்பாறலைக் குறிக்கும் சொல் ‘ராஹத்’ என்பதாகும். அரபு அறிந்தோர் ஒரு கணம் நின்று நோக்கத்தக்க சொல் இது. உள்ளங்கைக்கும் அம்மொழியில் அதே பெயர்தான். இரு பொருளையும் ஒரே வேரின் கீழ் வைத்து அகராதி ஆசிரியர்கள் விளக்குவர். உள்ளங்கையும் இளைப்பாறலும் ஒரு சொல்லில் உறைகின்ற மொழியை நாள்தோறும் ஓதுகின்ற நாம், கை சும்மா கிடப்பதுதான் இளைப்பாறல் என்று எவ்வாறு நம்பத் தொடங்கினோம்?

இன்று நம் வீடுகளில் ஓய்வு எவ்வாறு கழிகின்றது என்பதை மறைப்பதில் பயனில்லை. இரவுத் தொழுகை முடிகின்றது, உணவு முடிகின்றது, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு கைப்பேசியுடன் ஒரு மூலையை நாடுகின்றனர். விரல் தள்ளுகின்றது, கண் ஓடுகின்றது. ஒரு காட்சி முடியுமுன் மற்றொன்று வந்து நிற்கின்றது. சிரிப்பும் சினமும் அச்சமும் ஆசையும் அரை நாழிகைக்குள் ஆயிரம் முறை மாறி மாறி எழுகின்றன. நள்ளிரவில் அதனைக் கீழே வைக்கும்போது பகலில் பட்ட இளைப்போடு இரவில் பட்ட இளைப்பும் சேர்ந்துகொள்கின்றது. மறுநாள் காலையில் நம்முன் வந்து அமரும் மாணவர்களின் கண்களில் அதனைக் காண்கின்றோம். அவர்கள் உழைத்துக் களைத்தவர்கள் அல்லர், ஓய்வெடுத்துக் களைத்தவர்கள்!

இனி, ஊசியும் நூலும் செய்வது யாது என்று பார்ப்போம். பொதுப்படப் பேசாமல் ஒரு கைவேலையை எடுத்துக்கொள்வோம்.

வங்கநாட்டு மகளிர் தைக்கும் ‘காந்தா’ என்னும் போர்வையை அறிந்திருப்பீர்கள். ‘காந்தா’வும் நம் ‘கந்தை’யும் ஒரே வடசொல்லின் வழி வந்தவை. பெயரே அதன் கதையைச் சொல்லிவிடுகின்றது. உடுத்து உடுத்து மென்மையான பழஞ்சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுருக்கம் போக நீவி, நான்கு ஓரங்களையும் முதலில் தைத்து நிறுத்துவர். பழஞ்சேலையின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்துக்கொள்வர். பின்னர் நடுவில் ஒரு தாமரை, மூலைகளில் மரங்கள், இடையே படகு, சீப்பு, மீன், யானை என்று கண்டதையும் கருதியதையும் ஓடுதையலால் எழுதுவர். தையல்களிலெல்லாம் எளியது ஓடுதையல். ஊசியை மேலும் கீழுமாக விட்டு இழுப்பதே அது. அந்த ஒரே தையலைக் கொண்டு வெற்றிடத்தையும் வரிவரியாக நிரப்பிவிடுவர். நிரப்ப நிரப்பத் துணி மெல்லிய அலைபோல் நெளியும். குளிர்காலத்திற்குத் தடித்த போர்வை, பிறந்த குழந்தையைச் சுற்ற மெல்லியது, கண்ணாடிக்கு ஓர் உறை, நூல்களைப் பொதிந்து வைக்க ஒன்று, திருமறைக்கு ஓர் உறை என இதில் வகைகள் பல. இந்து வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் ஒருபோல வழங்கிய கலை இது.

நமக்கு இன்னும் அருகில் கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் வாழ்கின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து முன்னொரு காலத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களுள் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் இந்துக்களும் உண்டு. அப்பெண்கள் தைக்கும் ஒட்டுப்போர்வைக்குக் ‘கவந்த்’ என்று பெயர். பழந்துணித் துண்டுகளை ஓரத்திலிருந்து தைக்கத் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவர். எல்லாம் முடிந்தபின் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துணியைப் பூவென வைத்துத் தைத்தால்தான் போர்வை நிறைவுற்றதாகும். மூலைப்பூ இல்லாத போர்வை அவர்களுக்கு ஆடையில்லாத உடல் போன்றது. குளிரைத் தடுக்க மூலைப்பூ தேவையில்லை. ஆயினும் அது இல்லாமல் முடியாது என்று கருதுகின்ற மனத்தைக் கவனியுங்கள். தேவை முடிந்த இடத்தில் நிற்காமல் அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கும்போதுதான் வேலை இளைப்பாறலாக மாறுகின்றது.

இவ்வேலை உள்ளத்தை ஆற்றுவது எவ்வாறு? இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு தையல் சிறியது. எடுத்த மாத்திரத்தில் முடிந்துவிடுவது. நாள் முழுவதும் முடியாத வேலைகளோடு மல்லாடியவர்க்கு, முடிகின்ற ஒன்று கையில் கிடைப்பதே பெரும் ஆறுதல். இரண்டாவது, இங்கே விரைவுக்கு வழியில்லை. நூலைச் சட்டென்று இழுத்தால் துணி சுருங்கும் அல்லது நூல் அறும். ஆகவே மூச்சும் கையும் ஒன்றையொன்று அனுசரித்து நடந்தாக வேண்டும். மூன்றாவது, பிழை இங்கே பேரிழப்பு அன்று. பிரித்துவிட்டு மீண்டும் தைக்கலாம். நான்காவது, கண்ணுக்கும் கைக்கும் வேலை இருக்கின்றது; நாவுக்கும் செவிக்கும் இல்லை. எனவே அருகில் இருப்பவரோடு பேசலாம், பேசுவதைக் கேட்கலாம், திக்ரில் நாவை நனைக்கலாம், ஒன்றுமின்றி மௌனமாகவும் இருக்கலாம். ஐந்தாவது, எழும்போது செய்ததன் அடையாளம் ஒன்று மடியில் கிடக்கின்றது. இவ்வைந்தில் எதனைக் கைப்பேசி தருகின்றது என்று நம்மிடம் வழக்காடுவோர் கூறட்டும்.

“இதெல்லாம் அமைதியான காலத்தில் வசதியுள்ளோர் செய்யும் சொகுசு” என்பார்கள். அமைதி சிறிதும் இல்லாத இரண்டு இடங்களைக் காட்டுகின்றோம்.

முதல் உலகப்போர் முடிவுற்ற 1918-ஆம் ஆண்டில், உடல் ஊனமுற்றுத் திரும்பிய போர்வீரர்களுக்காகவே பூத்தையல் அமைப்பொன்று இங்கிலாந்தில் தொடங்கப்பெற்றது. அதில் முன்னின்ற எர்னஸ்ட் தெஸிகர் ஒரு நாடக நடிகர். தாமும் போரில் காயமுற்றவர். தாமே ஊசியெடுத்துப் பூத்தையல் செய்தவர். இலண்டனில் உள்ள புனித பவுல் பேராலயத்தில் 1919-இல் நடந்த நன்றி வழிபாட்டிற்கென ஒரு பீடத்திரை தைக்கப்பெற்றது. அதைத் தைத்தவர்கள் மருத்துவமனைகளில் கிடந்த நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள் அவர்கள். துப்பாக்கி பிடித்து நடுங்கிய கைகளுக்கு மருத்துவமனைகள் ஊசியைக் கொடுத்தன. அதனைச் சொகுசென்று அவர்கள் முன் சென்று சொல்லத் துணிவாருண்டோ?

மற்றொன்று சிங்கப்பூர். தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்த ஊர். 1942 பிப்ரவரியில் அது ஜப்பானியர் வசமாயிற்று. பிடிபட்ட ஐரோப்பியக் குடிமக்களைச் சாங்கி சிறையில் அடைத்தனர். ஆடவர் ஒருபுறம், பெண்டிர் மற்றொரு புறம். கணவன் உயிரோடிருக்கின்றானா என்று மனைவிக்குத் தெரியாது. மனைவி எங்கிருக்கின்றாள் என்று கணவனுக்குத் தெரியாது. அச்சிறையில் எத்தெல் முல்வானி என்னும் கனடா நாட்டுப் பெண்மணியின் தூண்டுதலால் பெண்கள் துணிச்சதுரங்களில் பூத்தையல் செய்தனர். ஒவ்வொருத்தியும் தன் பெயரையும் தன் உள்ளத்தில் இருந்த ஒன்றையும் அதில் தைத்தாள். 66 சதுரங்கள் சேர்ந்து ஒரு போர்வை. அவ்வாறு மூன்று போர்வைகள். அவை காயமுற்றோருக்கென மருத்துவமனைக்கு அனுப்பப்பெற்றன. அவற்றில் இருந்த பெயர்களே, ‘நாங்கள் உயிரோடிருக்கின்றோம்’ என்று மறுபுறம் இருந்தவர்களுக்குச் சொல்லும் செய்தியாயின. அவற்றுள் இரண்டு ஆஸ்திரேலியாவின் தலைநகர் கன்பராவிலுள்ள போர் நினைவகத்தில் இருக்கின்றன. பசியும் நோயும் சூழ்ந்த சிறையில் அப்பெண்களுக்கு நேரம் இருந்தது, விடுதலை இல்லை. சிறைக்காவலன் தந்த வெறுமையை ஊசியினால் தங்களுடைய நேரமாக ஆக்கிக்கொண்டார்கள். இதுதான் நாம் சொல்ல வருவது. இளைப்பாறல் என்பது காலம் தன்னுடையதாக இருப்பது. கை சும்மா இருப்பதன்று.

முதல் தரப்பாருக்கு இது போதும். யந்திரம் போர்வையை விரைவாகச் செய்யும், மறுக்கவில்லை. தைத்தவரின் மாலைப்பொழுதை அது செய்து தரமாட்டாது. விளைபொருள் போர்வை ஒன்றே என்று எண்ணுகின்றவர்களுக்கு யந்திரம் வென்றதாகத்தான் தோன்றும். மற்றொரு விளைபொருள் தைத்தவரின் உள்ளம் என்பதை அவர்கள் கணக்கில் எழுதுவதே இல்லை.

இனி, இரண்டாம் தரப்பார்.

‘தையல்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் பெண் என்றும் பொருள் உண்டு. இதனைக் காட்டி, ஊசி பெண்ணுக்கே உரியது, பெண்ணும் ஊசிக்கே உரியவள் என்று மேடையில் நயம்படப் பேசுவாருண்டு. சொல்லின் அழகைக் கொண்டு ஒரு சமூகத்தின் பாதியை வீட்டுக்குள் பூட்டுகின்ற திறம் இது. ஊசி பெண்ணுக்கே உரியதாயின், கெய்ரோ நகரில் பாபு ஸுவைலாவின் அருகே கூடாரத் தையற்காரர் தெருவில் சம்மணமிட்டு அமர்ந்து வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைக்கின்ற ஆடவர்களை எங்கே வைப்பது? சால்வையில் ‘ஸோஸ்னி’ என்னும் நுண்ணிய தையல் இடுகின்ற கஷ்மீரத்து ஆடவர்களை எங்கே வைப்பது?

இவர்களையெல்லாம் விடுங்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டபோது, தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், தம் காலணியைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னையார் அறிவித்திருப்பது மதரஸாவில் ஓதும் சிறுவர்களும் அறிந்தது. மிம்பரில் ஆண்டுதோறும் இதனை எடுத்துச் சொல்கின்றோம். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அறுந்த பொத்தானை மனைவியின் மடியில் எறிகின்றோம். ஸுன்னத்தைத் தாடியிலும் தலைப்பாகையிலும் தேடுகின்ற நமக்கு ஊசியின் காதில் அதனைத் தேடத் தோன்றாதது ஏன்?

அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிடுவதிலும் தைப்பதிலும் கைதேர்ந்தவர்கள். அந்த உழைப்பில் வந்ததைத் தருமம் செய்தார்கள் என்று வரலாறு கூறுகின்றது. அவர்கள் கையில் ஊசி விலங்காக இருக்கவில்லை. ஈட்டவும் ஈயவும் உரிமையுடைய கையின் கருவியாக இருந்தது. இதனைச் சொல்லாமல், ‘அன்னையர் தைத்தனர், ஆகவே நீ பள்ளிக்கூடம் போகாதே’ என்பது வரலாற்றை அரைகுறையாக ஓதுவதாகும். பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகளை அறிவோம். “வீட்டில் சும்மாவா இருக்கின்றாள்? தையல் கற்றுக்கொள்கின்றாளே!” என்று அவர்களுடைய தந்தையர் நமக்கு விடை கூறியதுண்டு. அப்பெண் ஊசியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவளுக்கு இளைப்பா ஆறும்? இழந்த பாடநூல்தான் நினைவுக்கு வரும். கதவு திறந்திருக்கும் வீட்டில் அமர்ந்து தைப்பது இளைப்பாறல். அடைத்த வீட்டில் அமர்ந்து தைப்பது காத்திருத்தல். இரண்டும் தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆகையால்தான் இவ்வளவு அழுத்திக் கூற வேண்டியிருக்கின்றது.

மூன்றாம் தரப்பாரிடம் வருவோம். இவர்களோடுதான் நமக்குப் பெருவழக்கு.

லக்னோ நகரத்துச் ‘சிக்கன்’ பூத்தையலைப் போற்றாதாரில்லை. வெண்துணியில் மரஅச்சினால் கோலம் பதித்து, அதன்மேல் வெண்ணூலால் தைத்து, பின்னர் அச்சுக்கறை போக வெளுத்தெடுப்பர். அரிசிமணி போலத் திரண்டிருப்பது ஒரு தையல். தினைபோல் உருண்டிருப்பது ஒரு தையல். துணியின் இழைகளை ஊசியால் ஒதுக்கிச் சல்லடைக் கண்ணாக்குவது ஒரு தையல். 2008-இல் புவிசார் குறியீடும் இக்கலைக்குக் கிடைத்தது. கலைக்குப் பெருமை கிடைத்தது, கலைஞருக்கு? தைக்கின்றவர்களுள் பெரும்பாலோர் நகரத்தின் குறுகிய சந்துகளிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் வீட்டுக்குள் இருந்து வேலை செய்யும் முஸ்லிம் பெண்கள். வணிகருக்கும் அவர்களுக்கும் இடையில் தரகர்கள். ஒருவர் கீழ் ஒருவராகப் பல படிகள். கூலி உருப்படிக் கணக்கு. மங்கிய விளக்கொளியில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலை ஆண்டுக்கணக்கில் உற்றுப் பார்த்துப் பார்த்துக் கண்பார்வை குன்றிய பெண்கள் பலர். 1984-இல் லக்னோவில் ‘சேவா’ என்னும் பெண்கள் அமைப்பு தோன்றியது, தரகரை விலக்கி இப்பெண்களுக்கு நேரிய கூலி பெற்றுத் தருவதற்காகவே. முஸஃப்பர் அலி 1986-இல் எடுத்த ‘அஞ்சுமன்’ என்னும் உருதுத் திரைப்படம் இப்பெண்களின் கூலிப்போராட்டத்தைக் கதைப்பொருளாகக் கொண்டது.

இத்தகைய பெண்ணுக்கு ஏன் இவ்வளவு குறைந்த கூலி என்று கேட்டால் வருகின்ற விடையைத்தான் நாம் எதிர்க்கின்றோம். “முழுநேர வேலையா என்ன? சமையல் முடிந்து ஓய்ந்த நேரத்தில் செய்கின்றார்கள். பொழுதும் போகின்றது, கையில் நாலு காசும் சேர்கின்றது!” என்பது அந்த விடை. இந்த ஒரு சொல்லில், ‘ஓய்வு நேரம்’ என்னும் இந்த ஒரு சொல்லில், ஒரு பெரும் அநீதி குடியிருக்கின்றது. தரகர் குறித்த நாளில், தரகர் குறித்த கோலத்தை, தரகர் குறித்த கூலிக்குத் தைப்பவளுக்கு அது ஓய்வு நேரம் அன்று. அவளுடைய ஓய்வைத்தான் அவர் விலைக்கு வாங்குகின்றார். அதையும் விலை கொடுக்காமல் வாங்குகின்றார். வீட்டில் இருந்தபடி பிறருக்காக வேலை செய்வோரும் தொழிலாளரே, மற்றத் தொழிலாளருக்கு நிகராக நடத்தப்பட வேண்டியவரே என்று உலகத் தொழிலாளர் நிறுவனம் 1996-இல் ஓர் உடன்படிக்கையே செய்தது. அதனை ஏற்று உறுதிசெய்த நாடுகளின் வரிசையில் நம் நாடு இல்லை.

வங்கத்துக் காந்தாவும் இன்று இந்த வழிமுனையில்தான் நிற்கின்றது. கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட காப்பியத்தில், பிரிந்து சென்ற கணவனை எண்ணித் தன் வாழ்வின் கதையையே ஒரு போர்வையில் தைக்கின்றாள் அந்தச் சிற்றூர்ப் பெண். இறந்தபின் தன் மண்ணறையின்மேல் அதனை விரிக்கச் சொல்கின்றாள். அவளுக்கு நாள் குறித்தவர் எவருமில்லை. கோலம் கொடுத்தவர் எவருமில்லை. வங்கதேசம் விடுதலை பெற்றபின் கைவினைப் பொருள்களை விற்பதற்கு அமைப்புகள் தோன்றின. ‘ஆரோங்’ என்னும் புகழ்பெற்ற விற்பனை நிலையம் 1978-இல் தொடங்கப்பெற்றது. போரில் குடும்பத்தை இழந்த பெண்களுக்கும் வறிய பெண்களுக்கும் இவ்வழியில் வருவாய் கிடைத்தது. அது நன்மை, அதனைக் குறைகூறுவார் யாமல்லோம். ஊசி சோறு போடுமாயின் போடட்டும். ஆனால் சோறு போடுகின்ற ஊசிக்குச் சோற்றின் விலையையே கொடுக்க வேண்டும். பொழுதுபோக்கின் விலையைக் கொடுத்தல் ஆகாது. வாங்குபவர் கூடத்தில் தொங்கவிட்டு, “பார்க்கும்போதே மனத்துக்கு எவ்வளவு அமைதியாக இருக்கின்றது!” என்கின்றார். அவர் பெறும் அமைதிக்காக மற்றொருத்தியின் இரவு விலை போயிருக்குமானால், அது அமைதி அன்று; களவு.

“ஒரே வேலையை இளைப்பாறல் என்றும் சொல்கின்றீர், உழைப்பு என்றும் சொல்கின்றீர்; முரணன்றோ?” என்று கேட்பர். முரணில்லை. நடத்தல் ஒன்றே. மாலையில் கடற்கரையில் நடப்பவனுக்கு அது இளைப்பாறல். சுமை தூக்கி நடப்பவனுக்கு அது தொழில். சுமைகூலிக்காரனைப் பார்த்து, ‘நடப்பது உடலுக்கு நல்லதுதானே, கூலி எதற்கு?’ என்று கேட்கின்றவனை மனிதன் என்று கொள்வோமா? தையலில் மட்டும் அக்கேள்வி நாணமின்றிக் கேட்கப்படுகின்றது. கேட்கப்படுபவள் பெண் என்பதும், அவள் வீட்டுக்குள் இருக்கின்றாள் என்பதும், அவள் குரல் தெருவுக்கு எட்டாது என்பதுமே காரணம்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. சுருங்கச் சொல்வோம்.

பள்ளிக்கூடங்களில் தையற்பாடம் பெண்களுக்கு மட்டும் என்று இருந்த நிலை மீளுதல் வேண்டா. ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஒருங்கே ஊசி பிடிக்கக் கற்பிக்க வேண்டும். மதரஸாக்களும் இதற்கு விலக்கல்ல. தன் சட்டையின் கிழிசலைத் தானே தைக்கத் தெரியாத மாணவன், ஸுன்னத்தை ஓதியிருக்கின்றான், கற்கவில்லை.

வீடுகளில் இரவுணவுக்குப்பின் ஓர் அரைமணி நேரமாவது கைப்பேசிகளை ஓரிடத்தில் வைத்துவிட்டு, பழந்துணிகளை எடுத்து நடுக்கூடத்தில் போட வேண்டும். வாப்பாவின் வெளுத்த கைலி, உம்மாவின் நைந்த சேலை, வளர்ந்துவிட்ட பிள்ளையின் சிறு சட்டை எல்லாம் ஒரு போர்வையில் அருகருகே வரட்டும். கணவன் வளைகுடாவில் உழைக்க, ஊரில் தனித்திருக்கும் பெண் தைக்கட்டும். விடுமுறையில் வந்த கணவன் அவளோடு அமர்ந்து ஒரு மூலையைத் தைக்கட்டும். கோலம் அழகாக வரவேண்டும் என்பதில்லை. நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும் என்பதுமில்லை. திருமறையின் அந்-நஹ்ல் அத்தியாயம் வலுவாக நூற்ற நூலைத் தானே துண்டு துண்டாகப் பிரித்துவிட்ட பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று எச்சரிக்கின்றது. அது வாக்குறுதியைக் குறித்து வந்த உவமை. ஆயினும் நூற்ற பொழுதுகளையெல்லாம் இரவு தோறும் இழை இழையாகப் பிரித்தெறிகின்ற நமக்கும் அதில் ஒரு படிப்பினை இல்லாமற் போகவில்லை.

மூன்றாவதாக, கைத்தையல் செய்த துணியை வாங்குவோர் விலையைக் கேட்கும்போது கூடவே மற்றொன்றையும் கேட்க வேண்டும்: “தைத்தவருக்கு இதில் எவ்வளவு?” கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் நகைப்பார். நூறு பேர் கேட்டால் விடை தேடுவார். திருமண வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டி ஜரிகைத் தையல் வாங்குகின்ற நம் சமூகத்தார், கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள். தைப்பவளின் நெற்றியில் வியர்வை தோன்றுவதில்லை என்பதனால் அந்தக் கட்டளை அவளுக்குப் பொருந்தாது என்று எண்ணிவிட்டார்கள் போலும்! அவளுக்கு வியர்ப்பது கண்ணில்.

ஊசியை இகழாதீர்கள், அது உங்களுக்கு இளைப்பாறலைத் தரும். ஊசியைக் காட்டி எவரையும் பூட்டாதீர்கள். அப்போது அது எவருக்கும் எதனையும் தராது. பிறர் ஊசியால் விளைந்ததைப் பொழுதுபோக்கு என்று பெயரிட்டுப் பறிக்காதீர்கள். அவர்களும் ஒருநாள் மாலையில் கூலிவேலையை மடித்து வைத்துவிட்டு, தம் குழந்தைக்கென ஒரு துண்டுத் துணியை எடுத்து, தாம் விரும்பிய பூவைத் தைக்கும் நிலை வரவேண்டும். அந்த மாலைப்பொழுதை அவர்களுக்கு மீட்டுத் தராமல் நாம் மட்டும் இளைப்பாறுவோமாயின், நம் உள்ளங்கையில் இருப்பது ராஹத் அன்று, பிறர் பொருள்.